வறண்ட ஏரியும் ஒரு வரலாற்றுச் சின்னம்

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வரலாற்றுச் சின்னம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு எடுத்துக்காட்டு கேட்டுப் பாருங்கள். கோயில், கோட்டை, அரண்மனை, கல்லணை என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள். எல்லாமே மனிதர் கட்டியவை. எல்லாமே பழையவை. 'ஒன்றுமே கட்டப்படாத ஒரு வெற்று நிலம் வரலாற்றுச் சின்னமாக முடியுமா?' என்று கேட்டால் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு விடையாக ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மொஹாவி என்றொரு பாலைவனம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே, ரோஜர்ஸ் வறண்ட ஏரி உள்ளது. 1985ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இந்த ஏரியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. விண்வெளிப் பயணத்தோடு தொடர்புடைய இடங்களை அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை ஆய்வு செய்து ஒரு பட்டியல் தயாரித்தது. காற்றுச் சுரங்கங்கள், ராக்கெட் ஏவுதளங்கள், கட்டுப்பாட்டு அறைகள் இவற்றோடு இந்த ஏரியும் பட்டியலில் இடம்பெற்றது. மற்றவை எல்லாம் பொறியாளர்கள் கட்டியவை. இது ஒன்று மட்டும் மழையும் காற்றும் செய்தது.

ஏரி எப்படி ஓடுதளம் ஆனது?

முதலில் புவியியலைப் பார்ப்போம். மேற்கே பசிபிக் பெருங்கடல். அங்கிருந்து வரும் ஈரக்காற்றை மலைத்தொடர்கள் தடுத்துவிடுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வறட்சி. மழை மறைவுப் பகுதி என்று நாம் பாடத்தில் நடத்துவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பனியூழிக் காலத்தில் இங்கே பெரிய ஏரி இருந்தது. பின்னர் வற்றிப்போனது. அடியில் படிந்த களிமண் மட்டும் மிஞ்சியது.

கோடையில் நம் ஊர்க் கண்மாய் வற்றினால் பிள்ளைகள் அதில் இறங்கி மட்டையும் பந்துமாக விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கண்மாய் இன்னும் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ரோஜர்ஸ் ஏரியிலும் வெடிப்பு விழுகிறது. ஆனால் குளிர்காலத்தில் கொஞ்சம் மழை பெய்து, சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பாலைவனக் காற்று அந்தத் தண்ணீரை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அலைக்கழிக்கும். கரைந்த களிமண் வெடிப்புகளில் இறங்கி நிரப்பும். மேடு பள்ளம் சமனாகும். பிறகு வெயிலில் காய்ந்து இறுகும். கொத்தனார் மட்டப்பலகை பிடித்துப் பூசிய தரை போல ஆகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் இயற்கையே செய்யும் மராமத்து இது.

இந்தத் தரையின் பரப்பு சுமார் 44 சதுர மைல். நீளம் ஏறக்குறைய 12 மைல். பெரிய விமானங்கள் இறங்கினாலும் தாங்கும். வானம் பெரும்பாலான நாட்கள் தெளிவாக இருக்கும். சுற்றிலும் குடியிருப்புகள் குறைவு. புதிதாகச் செய்த விமானம் எப்படிப் பறக்கும் என்று தெரியாதபோது, எந்தத் திசையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடி நிற்க இடம் வேண்டும். அந்த இடம் இங்கே இருந்தது. 'ஒன்றுக்கும் உதவாத தரிசு' என்று எவரும் ஒதுக்கக்கூடிய நிலம், வேறெங்கும் கிடைக்காத ஆய்வுக்கூடமாக இருந்தது.

திருப்பி எழுதிய பெயர்

அந்த நிலம் முற்றிலும் ஆளில்லாத நிலமாக இருந்ததில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்கள் இந்தப் பாலைவனத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். 1910 வாக்கில் கோரம் என்ற குடும்பத்தார் ஏரிக்கரையில் குடியேறினார்கள். அஞ்சல் நிலையத்துக்குத் தங்கள் குடும்பப் பெயரை வைக்கக் கேட்டார்கள். ஏறக்குறைய அதே பெயரில் வேறோர் ஊர் ஏற்கெனவே இருந்ததால் அனுமதி கிடைக்கவில்லை. பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதினார்கள். அப்படிப் பிறந்த ஊர்தான் மியூராக். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, கோரம் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்த ஊர்ப் பெயரை மறக்கமாட்டார்கள்.

1933இல் ராணுவ விமானப் படை இங்கே குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இடம் பிடித்தது. 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் இந்த ஏரிப் படுகையிலிருந்து ரகசியமாகப் பறந்தது. தளம் விரிய விரிய, பழைய மியூராக் ஊர் இல்லாமல் போயிற்று. ஓர் இடத்தின் பெருமையைச் சொல்லும்போது அதற்காக இடம்பெயர்ந்தவர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் முழு வரலாறு.

ஒலியின் வேகத்தைக் கடந்த நாள்

1947 அக்டோபர் 14. சக் யேகர் என்ற 24 வயது விமானி, எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தில் ஒலியின் வேகத்தைக் கடந்தார். ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் மாட்டி எக்ஸ்-1ஐ மேலே கொண்டுபோய் விடுவித்தார்கள். சுமார் 43,000 அடி உயரத்தில் அதன் வேகம் மாக் 1.06. அதாவது ஒலியின் வேகத்தைப் போல 1.06 மடங்கு.

யேகரின் துணிச்சலைத்தான் கதைகள் பெரிதாகச் சொல்கின்றன. இரண்டு நாள் முன்பு இரவில் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்திருந்தது. விமானத்தின் கதவை மூட அந்தக் கையால் முடியாது என்பதால், ஜாக் ரிட்லி என்ற பொறியாளர் துடைப்பக் கட்டையில் ஒரு துண்டை அறுத்து நெம்புகோலாகக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பிடித்த கதை இது. ஆனால் அறிவியல் ஆசிரியர் சொல்ல வேண்டிய கதை வேறொன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது விமானத்தின் மேல் அதிர்வலைகள் உருவாகின்றன. வாலில் உள்ள சிறிய அசையும் பலகை அப்போது வேலை செய்வதில்லை. விமானி இழுத்தாலும் விமானம் மூக்கைத் தூக்காது. அந்தச் சிறிய பலகைக்குப் பதிலாக வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதையுமே அசைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவரும் ரிட்லிதான். 'ஒலித் தடை' என்று அஞ்சப்பட்டது சுவர் அல்ல, தீர்க்கக்கூடிய ஒரு கட்டுப்பாட்டுச் சிக்கல் என்று அன்று தெரிந்தது.

1953இல் ஜாக்குலின் காக்ரன் இதே ஏரியின் மேல் பறந்து, ஒலியின் வேகத்தைக் கடந்த முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். இன்னும் சில பெண்கள் வானத்தில் பறக்காமலே இந்த வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்களின் பதவிப் பெயர் 'கம்ப்யூட்டர்'. ஆம், அக்காலத்தில் அது மனிதர் பார்த்த வேலையின் பெயர். விமானத்தில் பொருத்திய கருவிகள் படச்சுருளில் வளைகோடுகளாக வரைந்துகொண்டு வரும். ரோக்ஸானா யான்சி முதலிய பெண்கள் அந்தக் கோடுகளை அளந்து, நழுவு சட்டத்தாலும் கணக்கிடும் பொறியாலும் வேகமும் அழுத்தமும் எவ்வளவு என்று கண்டு சொன்னார்கள். விமானி பறந்து வந்தது உண்மையில் எந்த வேகத்தில் என்பதை உறுதி செய்தது அவர்களின் கணக்கு. வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொன்னால் 'இது எதுக்கு சார்?' என்று கேட்கும் மாணவிக்கு இவர்களைப் பற்றிச் சொல்லலாம்.

பெயராக மிஞ்சியவர்கள்

இப்போது அந்தத் தளத்தின் பெயர் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். யார் இந்த எட்வர்ட்ஸ்? 1948 ஜூன் 5 அன்று ஒய்பி-49 என்ற விமானத்தைச் சோதித்தபோது ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ். வயது 30. உடலும் வாலும் இல்லாமல் இறக்கை மட்டுமே விமானமாக அமைந்த வடிவம் ஒய்பி-49. அடுத்த ஆண்டு தளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த விமானத் திட்டம் கைவிடப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1989 ஜூலை 17 அன்று, அருகிலுள்ள பாம்டேல் நகரிலிருந்து பி-2 என்ற விமானம் முதன்முறையாகப் பறந்தது. அதுவும் இறக்கை மட்டுமே கொண்ட வடிவம்தான். அதன் இறக்கை அகலம் 172 அடி. ஒய்பி-49இன் அகலமும் 172 அடி. நாற்பது ஆண்டு இடைவெளியில் கணினி வழிக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் அந்த வடிவத்தை நிலையாகப் பறக்கவைக்க முடிந்தது. பி-2 தன் முதல் பயணத்தை முடித்து இறங்கிய இடம் எட்வர்ட்ஸ் தளம். பழைய வடிவத்தில் உயிரைவிட்டவரின் பெயரைத் தாங்கிய தளத்தில், அதே வடிவம் பத்திரமாக வந்து இறங்கியது.

அங்கீகாரம் என்றால் வெற்றி பெற்றவருக்கு மாலை போடுவது மட்டும்தான் என்று நாம் பழகியிருக்கிறோம். அந்தத் தளத்துக்குப் பெயராக இருப்பவரோ தோல்வியில் முடிந்த ஒரு சோதனையில் இறந்தவர். தோல்வியும் ஆய்வின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட அரசாங்க முத்திரை வேறு என்ன வேண்டும்?

42 ஆண்டு தாமதம்

அடுத்து எக்ஸ்-15. 1959 முதல் 1968 வரை மூன்று விமானங்கள், 12 விமானிகள், 199 பயணங்கள். அந்தப் 12 பேரில் ஒருவர், பிற்காலத்தில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங். இன்று அங்குள்ள நாசா ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்குகிறது. 1967இல் பீட் நைட் எட்டிய வேகம் மணிக்கு 4,520 மைல். ஒலியைப் போல 6.7 மடங்கு. இதை நம் வகுப்புக் கணக்காக்கிப் பாருங்கள். மணிக்கு ஏறக்குறைய 7,270 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 121 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆறு நிமிடத்தில் போய்விடலாம்.

1963 ஆகஸ்ட் 22 அன்று ஜோ வாக்கர் எக்ஸ்-15ஐ ஏறக்குறைய 108 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோனார். 50 மைல், அதாவது சுமார் 80 கி.மீ. உயரத்தைத் தாண்டினால் விண்வெளி வீரர் என்பது அமெரிக்க விமானப் படையின் விதி. எக்ஸ்-15இல் அந்த உயரத்தைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர். ஐந்து பேர் விமானப் படையினர். அவர்களுக்கு விண்வெளி வீரருக்கான சிறகுச் சின்னம் வழங்கப்பட்டது. மீதி மூவர், ஜோ வாக்கர், ஜாக் மெக்கே, பில் டேனா, நாசாவின் குடிமைப் பணியாளர்கள். அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

ஒரே விமானம். ஒரே வானம். ஒரே ஆபத்து. வேலை பார்த்த துறை மட்டும் வேறு.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் நாசா அந்த மூவருக்கும் சிறகுச் சின்னம் வழங்கியது. வாக்கர் பறந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் 1966இலேயே வேறொரு விமான விபத்தில் இறந்துவிட்டார். மெக்கே 1975இல் காலமானார். மூவரில் உயிரோடு இருந்து நேரில் பெற்றுக்கொண்டவர் டேனா ஒருவர்தான். மற்ற இருவருக்காக அவர்களின் குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள்.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம்: 'இறந்தபின் கொடுக்கும் சின்னத்தால் யாருக்கு என்ன பயன்?' விவாதம் நன்றாக நடக்கும். என் விடை இது. இறந்தவருக்குப் பயனில்லாமல் இருக்கலாம். பதிவேட்டில் இருந்த பிழை திருந்துகிறது. அடுத்து படிக்க வருகிறவர் எட்டுப் பேர் என்று படிப்பார், ஐந்து பேர் என்றல்ல.

எக்ஸ்-15 திட்டத்தில் ஒரே ஒரு பயணம் உயிரைப் பறித்தது. 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பும்போது விமானம் திசை மாறிச் சுழன்று, சிதறியது. விசாரணைக் குழு யார் மேல் பழி போடுவது என்பதோடு நிற்கவில்லை. விமானம் எந்தத் திசை நோக்கி இருக்கிறது என்று தரையில் இருப்பவர்களும் பார்க்கும்படி கருவி வேண்டும் என்றது. தலைசுற்றல் தன்மை உண்டா என்று விமானிகளை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும் என்றது. ஆடம்ஸ் விழுந்த பாலைவனப் பகுதியில் 2004 வரை நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு அங்கே ஒன்றை எழுப்பியது அரசுத் துறை அல்ல. சாரணர் இயக்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் தம் உயர்நிலைச் சாரணப் பணியாக அதைச் செய்துமுடித்தார். நம் பள்ளிச் சாரண, சாரணியர் பொறுப்பாசிரியர்கள் இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளலாம்.

நமக்குத் தெரிந்த முகம்

விண்ணோடங்கள் எல்லாம் இதே பள்ளத்தாக்கின் பாம்டேல் நகரில்தான் பூட்டி முடிக்கப்பட்டன. கல்பனா சாவ்லா பறந்த கொலம்பியாவும் அங்கே உருவானதுதான். முதல் விண்ணோடத்தை ஊர்த் தெருக்கள் வழியாக 36 மைல் இழுத்துக்கொண்டு எட்வர்ட்ஸ் தளத்துக்குப் போனார்கள். தேர் வருவதைப் பார்க்க நிற்பது போல மக்கள் நின்று பார்த்தார்கள். 1981 ஏப்ரல் 14 அன்று, விண்வெளிக்குச் சென்ற முதல் விண்ணோடமான கொலம்பியா ரோஜர்ஸ் ஏரியின் காய்ந்த தரையில் இறங்கியது. இறங்கும்போது அதற்கு இயந்திர விசை கிடையாது. வெறுமனே சறுக்கி வரும். ஒரு முறை தவறினால் வட்டமடித்து மறுபடி வர முடியாது. அதனால்தான் அவ்வளவு பெரிய தரை தேவைப்பட்டது.

பிறகு ஃபுளோரிடாவிலும் விண்ணோடங்கள் இறங்கத் தொடங்கின. ஆனாலும் அங்கே மழை, மேகம் என்றால் விண்ணோடங்கள் இங்கேதான் வந்தன. 2007 ஜூன் 22 அன்று அப்படி வந்து இறங்கிய அட்லாண்டிஸில் சுனிதா வில்லியம்ஸ் இருந்தார். அதுவரை எந்தப் பெண்ணும் ஒரே பயணத்தில் இருந்திராத அளவுக்கு, 195 நாட்கள் விண்வெளியில் இருந்துவிட்டு அவர் பூமியைத் தொட்டது இந்தப் பாலைவனத்தில்தான். அவர் படம் ஒட்டாத அறிவியல் சுவர் நம் பள்ளிகளில் குறைவு. படத்துக்குப் பக்கத்தில் இந்த ஏரியின் பெயரையும் எழுதி வைக்கலாம்.

அரசு மட்டுமல்ல, தனியாரும் இங்கே வரலாறு படைத்தார்கள். 1986 டிசம்பரில் வாயேஜர் என்ற விமானம் எட்வர்ட்ஸ் தளத்திலிருந்து கிளம்பி, நடுவில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்து அதே இடத்தில் இறங்கியது. 2004இல் மொஹாவி நகரிலிருந்து கிளம்பிய ஸ்பேஸ்ஷிப்ஒன் 100 கி.மீ. உயரத்தைத் தாண்டியது. தனியார் செலவில் உருவாகி மனிதரை விண்வெளிக்குக் கொண்டுபோன முதல் கலம் அது.

நிலத்தை ஏன் அங்கீகரிக்க வேண்டும்?

எக்ஸ்-1, வாயேஜர், ஸ்பேஸ்ஷிப்ஒன் எல்லாம் வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. கருவியை எடுத்துப்போகலாம். தரையை எடுத்துப்போக முடியாது. அதை இருக்கும் இடத்திலேயே மதிக்க வேண்டும். அந்த மதிப்பைச் சட்டப்படி பதிவு செய்வதுதான் 1985இன் அறிவிப்பு. அருகிலுள்ள லான்காஸ்டர் நகரம் தன் பங்குக்கு 1990இல் கடைத்தெருவிலேயே சோதனை விமானிகளுக்கு நினைவுக் கற்கள் நட்டது. கடைக்குப் போகிற பிள்ளை அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கிறது.

ஆனாலும் ரோஜர்ஸ் ஏரி காட்சிப்பொருளாகிவிடவில்லை. எட்வர்ட்ஸ் இன்றும் இயங்கும் சோதனைத் தளம். சின்னம் என்றால் பயன்பாடு முடிந்த பொருள் என்ற எண்ணத்தையும் இந்த ஏரி மாற்றுகிறது.

வகுப்பறைக்கு மூன்று செயல்பாடுகள்

முதலாவது, தொடக்க வகுப்புகளுக்கு. ஒரு தட்டில் களிமண் பரப்பிக் காயவிடுங்கள். வெடிப்பு விழுந்ததும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தட்டை மெல்ல இருபுறமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டச் சொல்லுங்கள். மறுபடி காயட்டும். மேற்பரப்பு எப்படி மாறியது என்று பிள்ளைகளே சொல்வார்கள். ரோஜர்ஸ் ஏரி உங்கள் வகுப்புக்கு வந்துவிடும்.

இரண்டாவது, உயர்நிலை வகுப்புகளுக்கு. எக்ஸ்-15 விமானிகள் எட்டுப் பேரின் செய்தியைச் சொல்லி, 2005க்கு முன் நாசாவுக்கு அந்த மூவர் சார்பாக ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சியும் ஆயிற்று. நியாயத்தைச் சான்றோடு எடுத்துரைக்கும் பயிற்சியும் ஆயிற்று.

மூன்றாவது, எல்லா வகுப்புகளுக்கும். இந்த ஏரிக்கு ஒரு பெயர்ப்பலகை எழுத வேண்டும், ஐந்தே வரி இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். யேகர் வருவாரா? துடைப்பக் கட்டை கொடுத்த ரிட்லி வருவாரா? கணக்குப் போட்ட பெண்கள்? ஊரை இழந்த மியூராக் மக்கள்? யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம், ஏன் என்று குழுவாகப் பேசட்டும். ஐந்து வரியில் எல்லாரும் அடங்கமாட்டார்கள். விடுபட்டவர்களைத் தேடுவதுதான் வரலாற்றுப் பாடத்தின் வேலை என்பது அப்போது தானாகப் புரியும்.

இந்தப் பயிற்சியிலிருந்து நீங்கள் எடுத்துப்போக ஒன்று சொல்ல வேண்டுமானால், அந்த மூன்றாவது செயல்பாட்டை அடுத்த வாரமே ஒரு பாடவேளையில் நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் எழுதிய ஐந்து வரிகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பிட்டுப் பார்ப்போம்.